சோற்றாங்கைப் பக்கமா, கிழக்காலேயா: எலி மூளையில் இடநினைவைத் தேடிய வரலாறு

இருக்கும் இடம், போக வேண்டிய இடம், இரண்டுக்கும் நடுவே உள்ள வழி ஆகிய மூன்றையும் ஒரு விலங்கு மனத்தில் வைத்திருப்பதே இடநினைவு. மூளையின் எந்தப் பகுதி பழுதானால் அது போய்விடுகிறது என்பதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எலிகளை வைத்தே தேடி வந்திருக்கிறார்கள். நெடுங்காலம் இந்த ஆய்வு வெள்ளை எலியின் ஆட்சியில் இருந்தது. சுண்டெலி முன்னுக்கு வந்தது 1990களில்தான். பேச்சில் இரண்டையும் எலி என்றே சொல்லிவிடுகிறோம். ஆய்வகத்தில் இரண்டும் வேறு வேறு குணமுள்ள உயிர்கள்; ஒன்றில் கண்டதை மற்றதன் தலையில் அப்படியே கட்டிய குழப்பங்களும் இந்த வரலாற்றில் உண்டு.

இடநினைவு ஒரே சரக்கு இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டருகே ஒருவர் வழி கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரலாம். ‘நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, ரெண்டாவது சந்து’ என்பது ஒரு விதம். ‘கிழக்கால போங்க, கடலுக்கு முன்னாடி வடக்க பாத்து ஒரு தெரு போகும்’ என்பது இன்னொன்று. முதல் பதில் கேட்பவரின் உடம்போடு ஒட்டியது. எதிர்த் திசையிலிருந்து வருகிறவர் அதை நம்பினால் வேறு தெருவில் நிற்பார். இரண்டாவது எங்கிருந்து புறப்பட்டாலும் பொருந்தும். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்பதைப் புதுச்சேரியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய நகரின் தெருக்களும் நூல் பிடித்தாற்போல் போகின்றன; மகாத்மா காந்தி சாலை தெற்கு வடக்காக ஓடி முத்தியால்பேட்டைக்குள் நுழைகிறது. நாள்தோறும் அதே வழியில் வீடு திரும்புகிறவருக்கு முதல் வகை நினைவே போதும், கால் தானே திரும்பிக்கொள்ளும். சாமி ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்துவிட்ட நாளில்தான் இரண்டாவது தேவைப்படுகிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சிலேயே அளந்தவர்கள் உண்டு. நெதர்லாந்தில் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பீடர்சன், 1990களின் தொடக்கத்தில் மதுரை வட்டாரத்தில் தமிழர்களிடம் ஆய்வு செய்தார். நாட்டுப்புறத்தில் பலர் மேசைமேல் உள்ள சாமானைக்கூட வடக்கு, தெற்கு என்று குறித்தார்கள். நகரத்தாரிடம் இடம், வலம் அதிகம் புழங்கியது. ஒரு மேசையில் பார்த்த பொம்மை வரிசையைத் திரும்பி நின்று இன்னொரு மேசையில் அடுக்கச் சொன்னபோதும் அவரவர் பேச்சின் போக்கே கையிலும் தென்பட்டது. எலி ஆய்வின் நூற்றாண்டுச் சண்டையும் இதே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. எலி வழியை எப்படி வைத்திருக்கிறது: உடம்பின் திருப்பங்களாகவா, திசையும் அடையாளமும் கொண்ட வரைபடமாகவா?

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் ஸ்மால் என்பவர் எலியைச் சிக்கல்வழியில் ஓடவிட்ட ஆய்வு 1901இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் வேலிச்செடியால் அமைத்த சிக்கல்வழியின் படத்தைப் பார்த்து, அதை நாற்கோணமாகத் திருத்தித் தளம் அமைத்தார். நடுவில் தீனி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் அடுக்கிய ஏழுசுற்றுக் கோட்டைகளைப் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. கோட்டையில் வழி ஒன்றுதான்; எத்தனை சுற்று சுற்றினாலும் நடுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிக்கல்வழியில் முட்டுச்சந்துகள் உண்டு, அதனால் நினைவுக்கும் வேலை உண்டு.

அடுத்து வந்த ஜான் வாட்சன் சிகாகோவில் எலிகளின் புலன்களை ஒவ்வொன்றாகப் பறித்துப் பார்த்தார். சிலவற்றின் கண்ணை எடுத்தார், சிலவற்றின் மோப்பத்தை அழித்தார், சிலவற்றின் மீசையை வெட்டினார். எலிகள் அப்போதும் ஓடின. தசை அசைவின் உணர்வே வழியைக் காட்டுகிறது என்று 1907இல் முடிவு கட்டினார். மறு ஆண்டு ஹார்வி காருடன் சேர்ந்து செய்த சோதனை இன்றும் பேசப்படுகிறது. நன்றாகப் பழகிய எலிகள் ஓடும் சந்தின் நீளத்தைச் சற்றுக் குறைத்தார்கள். எலிகள் வழக்கமான வேகத்தில் வந்து சுவரில் மடாரென்று முட்டிக்கொண்டன. சோற்றாங்கைப் பக்கம் என்ற பதிலின் சார்பில் இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. இன்றைய விலங்குநல நெறிப்படி இவற்றில் பாதிச் சோதனைகளுக்கு அனுமதி கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூளையை வெட்டிப் பார்க்கும் வேலையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர் கார்ல் லாஷ்லி. எலிக்கு வழியைப் பழக்கி, மூளைப் புறணியின் ஒரு பகுதியைச் சிதைத்து, ஆறவைத்து, மறுபடி ஓடவிட்டார். எந்த இடத்தை வெட்டினார் என்பதைவிட எவ்வளவு வெட்டினார் என்பதே தவறுகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. 1929இல் வந்த அவருடைய நூல் நினைவுக்குத் தனி இடம் கிடையாது என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்கே ஊன்றிவிட்டது. அவர் தேடிய இடம் புறணி. விடையின் பெரும்பங்கு அதன் அடியில் மறைந்திருந்தது. அவருடைய சிக்கல்வழியிலும் குறை இருந்தது. பார்வை, மோப்பம், தசையுணர்வு என எதை வைத்தும் எலி அதைக் கடக்கலாம். ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் தவறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

எட்வர்ட் டோல்மன் பெர்க்லியில் மறுபக்கம் நின்று வாதாடினார். 1946இல் அவரும் சகாக்களும் எலிகளைச் சுற்றுவழியில் தீனிக்குப் போகப் பழக்கி, பிறகு அந்த வழியை அடைத்து, சூரியக் கதிர்போல் பதினெட்டுப் பாதைகளைத் திறந்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட எலிகள் தீனி இருந்த திசைக்கு நேராகப் போகும் பாதையைத் தேர்ந்தன. எலியின் மூளையில் வரைபடம் இருக்கிறது என்று டோல்மன் 1948இல் எழுதினார். தீனி இருந்த பக்கம் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எலி அதைப் பார்த்து ஓடியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பார் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே.

வரைபடம் எங்கே என்பதற்கான தடயம் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், கடும் வலிப்பு நோயால் துன்பப்பட்ட 27 வயது இளைஞரின் மூளையில் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. வலிப்பு குறைந்தது, புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் போய்விட்டது. மருத்துவமனையில் கழிப்பறைக்குப் போகும் வழிகூட அவருக்குப் பிடிபடவில்லை. பிரெண்டா மில்னருடன் சேர்ந்து ஸ்கோவில் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் எச்.எம். என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்பட்டவர் இவர். உடனே பல ஆய்வகங்களில் எலிக்கும் குரங்குக்கும் ஹிப்போகேம்பஸைச் சிதைத்துப் பார்த்தார்கள். ஏமாற்றம்தான் மிஞ்சியது. விலங்குகள் பெரும்பாலான பாடங்களை நன்றாகவே கற்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த முடிச்சு அவிழவில்லை. பழுது இருந்தது; அதைக் காட்டும் சோதனைதான் இல்லை.

1971இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஜான் ஓகீஃப், ஜொனாதன் டாஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் நடமாடும் எலியின் ஹிப்போகேம்பஸில் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்புச் செல்களைக் கண்டார்கள். மணிக்கூண்டருகே ஒன்று, பழக்கடை முனையில் இன்னொன்று என்று செல்கள் இடங்களைப் பங்குபோட்டுக்கொண்டதுபோல் இருந்தது. இவற்றுக்கு இடச்செல் என்று பெயர் வந்தது. 1978இல் லின் நேடலோடு சேர்ந்து ஓகீஃப் எழுதிய நூல், டோல்மனின் வரைபடம் ஹிப்போகேம்பஸில்தான் இருக்கிறது என்று வாதாடியது.

இனித் தேவைப்பட்டது நல்ல சோதனைதான். டேவிட் ஆல்டனும் ராபர்ட் சாமுவல்சனும் 1976இல் ஒன்றை அமைத்தார்கள்: நடுமேடையிலிருந்து எட்டுக் கைகள் பிரியும், ஒவ்வொன்றின் கடைசியிலும் சிறிது தீனி. போன கைக்கே மறுபடி போனால் ஒன்றும் கிடைக்காது. நலமான எலி பழகியபின் முதல் எட்டுத் தேர்வில் சராசரியாக ஏழுக்கு மேல் புதுக் கைகளாகவே பார்த்து நுழைந்துவிடும். ஹிப்போகேம்பஸின் இணைப்புகளை அறுத்த எலி காலிசெய்த கைக்கே திரும்பத் திரும்பப் போனது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோரிஸ் அமைத்த தொட்டி இதைவிட எளிமையானது. சுமார் 1.3 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தொட்டி, உள்ளே பால் கலந்து கலங்கலாக்கிய இளஞ்சூட்டு நீர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், எலி ஏறி நிற்க ஒரு சிறு மேடை. எலியைத் தொட்டிச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விளிம்பிலிருந்து விடுவார்கள். இதன் சாமர்த்தியம் இது எதையெல்லாம் பறிக்கிறது என்பதில் இருக்கிறது. நீரில் மோப்பத் தடம் தங்காது. புறப்படும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இத்தனை எட்டு, இந்தக் கைப்பக்கம் என்ற கணக்கு உதவாது. மேடையோ தெரியாது. மிச்சம் இருப்பவை அறையின் சன்னல், கதவு, சுவரில் மாட்டிய படம், விளக்கு. இவற்றுக்கு நடுவே மேடை எங்கே என்று கணக்கிட்டால்தான் தப்ப முடியும். இந்தச் சோதனை நடக்கும் அறையில் சுவர்ப்படத்தை இடம் மாற்றுவது மன்னிக்க முடியாத குற்றம். நாற்காலியை நகர்த்துவதும் அப்படியே.

1982இல் மோரிஸ், ஓகீஃப் முதலியோர் சேர்ந்து வெளியிட்ட முடிவு அதுவரை இருந்த மூட்டத்தைக் கலைத்தது. நலமான எலி சில நாள் பயிற்சியில் எங்கிருந்து விட்டாலும் நேரே மேடைக்கு நீந்தியது. ஹிப்போகேம்பஸ் சிதைந்த எலி தொட்டி முழுக்க அலைந்தது. அதே எலிக்கு மேடையை நீருக்கு மேலே தெரியும்படி வைத்தால் சிக்கலில்லாமல் போய் ஏறியது. நீந்தவும் பார்க்கவும் தப்பிக்க விரும்பவும் அதற்கு முடிந்தது, இடத்தை வைத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. மேடையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நீந்தவிடும் சோதனையும் உண்டு. நலமான எலி மேடை இருந்த காற்பகுதியையே சுற்றிச் சுற்றி வரும், பழுதான எலிக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

வாட்சனும் டோல்மனும் இருவருமே சரி என்று காட்டியவர்கள் மார்க் பேக்கர்டும் ஜேம்ஸ் மக்காவும். 1996இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு இந்த வரலாற்றிலேயே அழகானது என்று சொல்லலாம். சிலுவை வடிவப் பாதையில் தெற்கிலிருந்து விட்டு, ஒரே கைக்குப் போகப் பழக்கினார்கள். எட்டாம் நாள் வடக்கிலிருந்து விட்டபோது பெரும்பாலான எலிகள் தீனி இருந்த இடத்துக்கே போயின. பதினாறாம் நாள் அதே சோதனையில் பழகிய கைப்பக்கம் திரும்பி, தீனி இல்லாத இடத்தில் நின்றன. வரைபடம் மெல்ல வழக்கமாகிவிட்டது. எட்டாம் நாள் ஹிப்போகேம்பஸில் மரப்பு மருந்து ஏற்றினால் இடத்தேர்வு மறைந்தது. பதினாறாம் நாள் காடேட் என்ற அடிமூளைக் கருவை மரக்கவைத்தால், பழக்கம் விலகி, பழைய இடநினைவு மீண்டும் தலைகாட்டியது. இரண்டு பதிலும் மூளையில் தனித்தனி இடத்தில், ஒரே நேரத்தில் இருக்கின்றன.

வரைபடத்தைத் தேடும் வேலையும் நிற்கவில்லை. 2005இல் நார்வேயின் மோசர் இணையர் ஹிப்போகேம்பஸுக்கு அண்டையிலுள்ள புறணியில், தரையை முக்கோண வலைபோல் அளக்கும் கட்டச்செல்களை அறிவித்தார்கள். ஓகீஃபுக்கும் இவர்களுக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுண்டெலியின் காலம் மரபணுவோடு வந்தது. ஒரு மரபணுவை மட்டும் நீக்கிய விலங்கை அன்று சுண்டெலியில்தான் உண்டாக்க முடிந்தது. ஆல்சினோ சில்வாவும் சுசுமு டோனேகாவாவும் 1992இல் அப்படிப்பட்ட சுண்டெலிகளில் இடநினைவு குன்றியதைக் காட்டினார்கள். 1996இல் டோனேகாவாவின் குழு, ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியில் மட்டும் நரம்பிணைப்பை வலுப்படுத்தும் ஒரு ஏற்பியை நீக்கி அதே விளைவைக் கண்டது. கத்தியே படாத மூளைப்பழுது இது. சுண்டெலிக்கு மட்டும் நீர்த்தொட்டி அவ்வளவாக ஒத்துவரவில்லை. பெரிய எலியின் இனம் ஆற்றங்கரைக்குப் பழகியது, நன்றாக நீந்தும். சுண்டெலி பல நேரம் முயற்சியை விட்டு அப்படியே மிதக்கும். மிதப்பதை மறதி என்று கணக்கிட்டால் ஆய்வே பிசகிவிடும். அதனால் கரோல் பார்ன்ஸ் 1979இல் எலிக்கென்று செய்த வட்டப்பலகை சுண்டெலிக்கு வசதியாகப் போயிற்று. விளிம்பெங்கும் துளைகள், ஒன்றின் அடியில் மட்டும் ஒளிந்துகொள்ள இருட்டுப் பெட்டி.

தலைக்காயத்தைச் சுண்டெலியில் ஆராயும் முறையும் 1990களில் நிலைபெற்றது. மயக்கமருந்து கொடுத்து, மண்டையோட்டில் சிறு வட்டம் எடுத்து, குறித்த வேகத்தில் குறித்த ஆழத்துக்கு ஒரு தண்டு மூளையின் மேற்பரப்பை அழுத்தும்படி செய்வார்கள். தண்டு படுவது புறணியில்தான். இருந்தும் அடியிலுள்ள ஹிப்போகேம்பஸில் செல்கள் மடிகின்றன. அதிர்வும், நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு அறுவதும், பின்னால் வரும் அழற்சியும், மிகையாகச் சுரக்கும் குளூட்டமேட் என்ற நரம்புவேதி செல்களை நச்சாகத் தாக்குவதும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. சுண்டெலி சில நாளில் வழக்கம்போல் ஓடியாடும், தின்னும். இருட்டுப் பெட்டியைத் தேடச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியை விடாமல் தொடர்ந்த இடம் பெங்களூரு. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி 1974இல் நிம்ஹான்ஸ் ஆன நிறுவனத்தில், டி. தேசிராஜு, பி.எல். மெட்டி, டி.ஆர். ராஜு ஆகியோர் வளர்த்த நரம்பு உடலியங்கியல் துறை எலி மூளையைப் பல கோணத்தில் ஆராய்ந்தது. அங்கே பிந்து குட்டியின் குழு எடுத்துக்கொண்டது சபிகுலம் என்ற பகுதியை. ஹிப்போகேம்பஸ் ஒரு வீடென்றால் சபிகுலம் அதன் வாசல். உள்ளே ஆன வேலை பெரும்பாலும் அதன் வழியேதான் வெளியே போகிறது. சபிகுலத்தைச் சிதைத்தால் ஹிப்போகேம்பஸிலும் செல்கள் அழிகின்றன, கற்றல் குன்றுகிறது என்று 1997இல் அத்துறையார் காட்டியிருந்தார்கள். 2003இல் சபிகுலத்தின் கீழ்ப்பகுதியில் நரம்புச் செல்களை அழிக்கும் ஐபோடெனிக் அமிலம் செலுத்திய எலிகளில் அண்டைப் புறணியும் சேர்ந்து நலிவதையும் இடநினைவு குன்றுவதையும் இணைத்தார்கள். வாசலை இடித்தால் வீடும் விரிசல் விடுகிறது.

அடுத்து அவர்கள் பார்த்தது திரும்பப் பெற முடியுமா என்பதை. காயப்பட்ட எலிகளைப் பெரிய கூண்டில், விளையாட்டுச் சாமான்களோடு, கூட்டாளிகளோடு வைத்தார்கள். 2005இல் வந்த முடிவு நேர்மையானது, கொஞ்சம் சங்கடமானதும்கூட: எட்டுக்கைப் பாதையில் எலிகள் தேறின, நீர்த்தொட்டியில் தேறவில்லை. ஒரே காயம், ஒரே மருந்து, இரண்டு சோதனையில் இரண்டு தீர்ப்பு. இடநினைவு தேறிவிட்டது என்று ஒற்றைச் சோதனையை வைத்துச் சொல்லும் எவரும் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 2009இல் அதே குழு ஹிப்போகேம்பஸ் செல்களைப் பதியம் வைத்து இடக்கற்றல் மீண்டதைத் தெரிவித்தது.

அதே ஊரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜி, நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவ் முதலியோருடன் 2002இல் வேறொரு வகைப் பழுதைக் காட்டினார். பத்து நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் அசையவிடாமல் அடைத்து வைத்த எலிகளின் ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலாவில் கிளைகள் பெருகின. அடியும் இல்லை, அமிலமும் இல்லை, மனவுளைச்சலே போதும்.

நினைவாற்றலுக்குப் பேர்போன வல்லாரையும் இந்த வரிசையில் வந்து சேர்ந்தது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியார் வல்லாரை இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, ஹிப்போகேம்பஸ் செல்களின் கிளைகள் அடர்ந்ததை 2006லும் 2008லும் வெளியிட்டார்கள். எலியின் எடைக்கேற்ப அளந்து வாரக்கணக்கில் ஊட்டிய சாறு அது. தேர்வுக்கு முந்தின நாள் அரைக்கும் துவையலுக்கு அந்தச் சான்று பொருந்தாது.

எலியில் கற்றது மனிதருக்குப் பொருந்துமா என்பதைச் சோதிக்க ஆளைத் தொட்டியில் தள்ள வேண்டியதில்லை. கணினித் திரையில் ஒரு அறை, அதில் ஒரு வட்டக் களம், தரையில் மறைந்த மேடை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்கெல்டனும் சகாக்களும் தலைக்காயத்திலிருந்து மீண்டவர்களிடம் இதை வைத்துப் பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். தெரியும் மேடைக்கு அவர்கள் மற்றவர்களைப் போலவே போனார்கள், மறைந்த மேடை இருக்கும் இடத்தைக் கற்க முடியவில்லை.

தலையில் அடிபட்டவரிடம் வார்டில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இது எந்த ஊர் என்பது. புதுச்சேரியின் ஜிப்மரானாலும் வேறு எந்த மருத்துவமனையானாலும் வழக்கம் அதுவே. ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்பவர் நினைவு தெளிந்தவராகக் கணக்கில் சேர்கிறார். எலி ஆய்வு பிரித்துக் காட்டியபடி ஊரின் பெயரை அறிவது வேறு, ஊருக்குள் இடத்தை அறிவது வேறு. பெயரும் பழகிய வழியும் தங்கியிருந்து, புதுவழியை மட்டும் அமைக்க முடியாமல் போவது உண்டு. அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்து கடைக்கு நேரே போய் நேரே வந்துவிடுவார். சாலையை அடைத்துவிட்ட நாளில் அடைப்பின் முன்னால் நின்றுவிடுவார்.